வண்ணமா, இடுக்கா, நிழலா: மரத்தில் வடிவியல் ஓவியம் செய்ய மூன்று வழிகள்

முக்கோணங்களும் சாய்சதுரங்களும் நிறைந்த, வண்ணம் பூசிய மரப்படைப்பு ஒன்றை வீட்டுச் சுவருக்குத் தாமே செய்ய முனைபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மரம் வாங்குவது, எந்தப் பெயின்ட் பூசுவது என்ற இரண்டு கேள்விகளைத்தான். இரண்டுக்கும் விடை உண்டு. ஆனால் அந்த விடை, அவற்றுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியைப் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்ணங்களுக்கு நடுவே உள்ள கோட்டை எது உண்டாக்கப் போகிறது?

ஒரே பலகையின் மேல் டேப் ஒட்டிப் பூசினால் கோட்டை வண்ணமே இடுகிறது. துண்டு துண்டாக வெட்டி, தனித்தனியே பூசி, அருகருகே பதித்தால் துண்டுகளுக்கு இடையிலுள்ள இடுக்கு கோடாகிறது. துண்டுகளை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தினால் அவற்றின் நிழல் கோடாகிறது. உருவமோ கதையோ இல்லாத இந்தக் கலையில் பார்ப்பவரின் கண் பற்றிக்கொள்ள விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால், இந்தத் தேர்வைச் செய்யாமல் மரக்கடைக்குப் போவது வீட்டின் வரைபடம் இல்லாமல் செங்கல் வாங்குவதைப் போன்றது.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

ஒப்பிட வசதியாக, ஒரே வரைவை மூன்று வழிகளிலும் செய்வதாக வைத்துக்கொள்வோம். 3 அடிக்கு 3 அடி சதுரம். அதற்குள் 6 அங்குலக் கட்டங்கள் 36. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே திசையில் சாயும் மூலைவிட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஆக 72 செங்கோண முக்கோணங்கள், ஐந்து வண்ணங்கள்.

முதல் அளவுகோல் கோட்டின் தன்மை: அருகே நின்று பார்க்கும்போதும் அறையின் மறுமுனையிலிருந்து பார்க்கும்போதும் அது எப்படித் தெரிகிறது என்பது. இரண்டாவது, உங்களிடம் உள்ள கருவிகளும், அவற்றை இயக்க இடமும், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை வீட்டாரும். மூன்றாவது, காயும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வேலைநேரம். நான்காவதை நம் கடலோர ஊர்களில் தள்ளிவைக்கவே முடியாது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத்தைக் குடித்து உப்பும் மரம், ஏப்ரல், மே மாதங்களில் சுருங்குகிறது. மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும் கதவு எந்த வீட்டில் இல்லை? ஐந்தாவது எடையும் சுவரும். ஆறாவது, பலரும் நினைத்துப் பார்க்காதது: வேலை பாதியில் இருக்கும்போது மனம் மாறினால், அல்லது ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு மூலை சிதைந்தால், என்ன செய்ய முடியும் என்பது.

முதல் வழி: வண்ணம் இடும் கோடு

ஒரு பலகை, ஒரு பென்சில், ஓர் இரும்பு அளவுகோல், ஒரு சுருள் மாஸ்கிங் டேப். பலகையைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கினால் வீட்டில் ரம்பமே தேவையில்லை. இந்த டேப் பிறந்ததே இந்த வேலைக்கு நெருங்கிய வேலை ஒன்றிற்காகத்தான்: அமெரிக்காவின் மினசோட்டாவில் த்ரீ எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ, கார்களுக்கு இரட்டை வண்ணம் பூசுவோர் படும் பாட்டைக் கண்டு 1925-ல் அதை உருவாக்கினார்.

டேப்பின் அடியில் வண்ணம் கசிவதுதான் எல்லோரும் அஞ்சும் குறை. அதற்கு நிச்சயமான மருந்து உண்டு. டேப்பை ஒட்டி விளிம்பை நகத்தால் அழுத்திய பின், புது வண்ணத்தைப் பூசுவதற்கு முன், டேப்புக்கு அடியில் இருக்கும் அதே பழைய வண்ணத்தை விளிம்பின்மேல் மெல்லியதாக ஒருமுறை பூசிக் காயவிட வேண்டும். கசிவதற்கு வழியுள்ள இடுக்குகளில் அடிவண்ணமே கசிந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் வண்ணத்துக்குப் போக வழியில்லை. கடைசிப் பூச்சு தொடுவதற்குக் காய்ந்து, ஆனால் இறுகிப்போகாத நிலையில், டேப்பை மடக்கிச் சாய்வாக இழுத்தால் கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு முக்கோணங்களை ஒரே நாளில் பூச முடியாது, ஏனெனில் இரண்டாவதற்கு ஒட்டும் டேப் முதலாவதன் மேல்தான் உட்காரும். நல்லவேளையாக, நம் வரைவில் மூலைவிட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்வதால், 72 முக்கோணங்களும் தமக்குள் பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளாத இரண்டு 36-களாகப் பிரிந்துவிடுகின்றன. இரண்டே சுற்றுகளில் முடிக்கலாம். மூலைவிட்டங்களை விருப்பம்போல் திருப்பினால் அது மூன்று சுற்றாகக்கூடும். ஆறு நுனிகள் சந்திக்கும் 25 புள்ளிகளில் ஒவ்வொன்றிலும் டேப்பைக் கத்தியால் நறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கத்தி அடியிலிருக்கும் பூச்சையும் கீறிவிடாமல் இருக்கக் கைக்குப் பழக்கம் வேண்டும். முதல் சுற்றில் பூசிய வண்ணம் தொடும்போது காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகச் சில நாட்கள் ஆகும். பொறுமையின்றி அதன்மேல் டேப் ஒட்டினால் பூச்சு டேப்போடு உரிந்து வரும்.

இன்னொரு குறை, சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும். டேப்பின் ஓரத்தில் வண்ணம் சிறு வரப்பாகத் தேங்கி நிற்கும். தடித்த ஒரு பூச்சுக்குப் பதிலாக மெல்லிய நான்கு பூச்சுகள் இட்டால் அது அடங்கும். ஆன் ட்ரூயிட் என்ற அமெரிக்கச் சிற்பி 1961 முதல் செய்த மரத் தூண்களை நினைத்துப் பார்க்கலாம்: வண்ணத்தைப் பல அடுக்குகளாகப் பூசி, அடுக்குக்கு அடுக்கு தேய்த்து மெருகேற்றியதால், அவருடைய தூண்களில் மரத்தின்மேல் பூச்சு இருப்பதாகத் தோன்றாமல் வண்ணமே தூணாக எழுந்து நிற்பதாகத் தோன்றுகிறது.

ரம்பம் வைத்துக்கொள்ள இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கும், மெல்லிய பட்டைகள் நிறைந்த வரைவை விரும்புபவருக்கும், வண்ணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தே முடிவுக்கு வரும் இயல்புடையவருக்கும் இதுவே சிறந்த வழி. பிடிக்காத முக்கோணத்தின்மேல் மறுநாள் வேறு வண்ணம் பூசலாம். மற்ற இரண்டு வழிகளிலும் இந்தச் சுதந்திரம் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

இரண்டாம் வழி: இடுக்கு இடும் கோடு

பிரேசில் நாட்டு ஓவியர் லிஜியா கிளார்க் 1954-ல் ஒன்றைக் கவனித்தார். ஒரே வண்ணமுள்ள இரண்டு பரப்புகளை அருகருகே வைத்தால், யாரும் வரையாத ஒரு கோடு அவற்றுக்கு நடுவே தானாகத் தோன்றுகிறது. கதவுக்கும் நிலைக்கும் இடையில், தரைப்பலகைகளுக்கு இடையில் நாம் அன்றாடம் பார்க்கும் கோடு அதுதான். அதை அவர் உயிருள்ள கோடு என்ற பொருளில் பெயரிட்டு, அந்தப் பத்தாண்டில் மரத்துண்டுகளைத் தொழிற்சாலைப் பெயின்டால் பூசிப் பொருத்திய படைப்புகளின் அடிப்படையாகவே ஆக்கிக்கொண்டார். நான் இந்த வழியின் பக்கம் சாய்வதற்கு அவர்தான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. டேப் இட்ட கோடு எவ்வளவு கூராக இருந்தாலும் அது பரப்பின்மேல் கிடக்கிறது. இடுக்கு பரப்புக்குள் இறங்குகிறது. பத்தடி தள்ளி நின்றாலும் அதன் கருமை கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் மூன்றில் துல்லியத்தை மிகக் கடுமையாகக் கேட்பதும் இதுவே. நம் வரைவில் ஒரு வரிசைக்கு ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் அரை மில்லிமீட்டர் கூடினால் வரிசையின் முடிவில் மூன்று மில்லிமீட்டர், அதாவது தச்சர் கணக்கில் ஏறத்தாழ ஒரு நூல், வெளியே நிற்கும். வெட்டு சரியாக இருந்தாலும் பெயின்ட் அந்தக் கணக்கைக் கெடுக்கும். பிரைமரும் இரண்டு பூச்சுகளும் சேர்ந்து ஒரு முகத்துக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு வரிசையில் 12 துண்டுகளின் 24 பக்கவாட்டு முகங்கள் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். இதை முதல் படைப்பிலேயே அனுபவித்தேன்: பூசுவதற்கு முன் அடுக்கிப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்திய துண்டுகள், பூசியபின் கடைசி வரிசையில் உள்ளே போக மறுத்துவிட்டன.

இதற்குத் தீர்வு, இடைவெளியே இல்லாமல் பொருத்த முயல்வதை விட்டுவிட்டு, இடைவெளியை வரைவின் பகுதியாக ஏற்றுக்கொள்வது. துண்டுகளைச் சற்றுக் குறைத்து வெட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவு இடுக்கு விட்டு, அடிப்பலகையில் இடுக்குகள் விழும் கோடுகளை மட்டும் கறுப்பாகப் பூசிவைத்தால், சிறு பிழைகளை இடுக்கு விழுங்கிக்கொள்ளும். ஒரே தடிமனுள்ள அட்டைத் துண்டுகளை இடையில் செருகி, நடுவிலிருந்து வெளிநோக்கி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் பிழை முழுவதும் எதிர் ஓரத்தில் போய்க் குவியும். துண்டுகளின் பின்புறத்தில் பெயின்ட் படவே கூடாது. வெள்ளைப் பசை மரத்தோடு பிடிக்கும் அளவுக்குப் பெயின்டோடு பிடிக்காது.

வெட்டுவது யார் என்பது அடுத்த கேள்வி. 72 முக்கோணங்களைக் கைரம்பத்தால் வெட்டலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசை ரம்பம் வைத்திருக்கும் தச்சரிடம் கொடுத்தால், தடைக்கட்டை ஒன்றை ஒருமுறை பொருத்திவிட்டு, அதை அசைக்காமல் எல்லாத் துண்டுகளையும் ஒரே அமைப்பில் வெட்டச் சொல்லுங்கள். தனித்தனியே அளந்து வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பிறரிடம் வெட்டக் கொடுத்தால் படைப்பு தன்னுடையது ஆகாதோ என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். முன்பு சொன்ன ட்ரூயிட் தம் தூண்களின் மரவேலையைத் தச்சர்களிடமே கொடுத்தார். அவருடைய படைப்பு வண்ணத்தில் இருந்தது. லேசரில் வெட்டினால் அளவு துல்லியமாக வரும், ஆனால் விளிம்பு கருகும். அந்தக் கருகலைத் தேய்த்து எடுக்கும் வேலை உங்களுக்கே மிஞ்சும்.

கூர்நுனிகள் உடைவதும் ஒரு செலவு. பிளைவுட்டில் நுனியின் மேல் ஏடு பிய்ந்து வரும். திண்மரத்தில் வெட்டுவதானால், மரத்தின் இழை முக்கோணத்தின் நீண்ட பக்கத்தோடு ஒத்து ஓடும்படி வெட்டினால் இரு கூர்நுனிகளும் வலுவாக நிற்கும். குட்டைப் பக்கம் ஒன்றோடு ஒத்து ஓடினால் ஒரு நுனி கைப்பட்டாலே உதிரும். பத்து விழுக்காடு துண்டுகளைக் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்வது வீண் அல்ல.

பூசிய துண்டுகளை எப்படி வைப்பது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சு வெயில் காலத்தில் இளகும் இயல்புடையது. ஒரு மே மாதத்தில், காய்ந்துவிட்டன என்ற நம்பிக்கையில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். பிரித்தபோது பாதித் துண்டுகளின் வண்ணம் மற்றதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இடையில் மெழுகுக் காகிதம் வைத்திருந்தால் போதும், அல்லது பரப்பி வைக்க ஒரு கட்டில் அளவு இடம் வேண்டும்.

இதற்கு ஈடாக இந்த வழி தரும் நன்மை வானிலையில் தெரிகிறது. துண்டு சிறியதாக இருப்பதால் அதன் உப்பலும் சுருங்கலும் சிறியவை. இடுக்கு அதற்கும் இடம் கொடுக்கிறது. பழைய வீட்டு உத்தரத்தையோ கதவுப் பலகையையோ வெட்டிப் பயன்படுத்த ஆசைப்படுபவருக்கு இந்த வழியே பொருந்தும், ஏனெனில் அகலமான பழம்பலகை கிடைக்காது, கிடைத்தாலும் நெளிந்திருக்கும். ஒட்டுவதற்கு முன் தரையில் பரப்பி, வண்ணங்களை இடம் மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது மற்றோர் இன்பம். வேறெந்த வழியிலும் படைப்பை இப்படிக் கையால் யோசிக்க முடியாது.

மூன்றாம் வழி: நிழல் இடும் கோடு

இங்கிலாந்து ஓவியர் பென் நிக்கல்சன் 1930-களின் நடுவில் மகோகனிப் பலகையில் வட்டங்களையும் செவ்வகங்களையும் வெவ்வேறு ஆழத்தில் செதுக்கி, முழுவதையும் வெள்ளையாகப் பூசினார். அங்கே வண்ண வேறுபாடே இல்லை. எல்லாக் கோடுகளையும் நிழலே வரைகிறது.

நிழலின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். வெளிச்சம் சுவரோடு 45 பாகையில் விழுந்தால் 9 மில்லிமீட்டர் உயரமுள்ள துண்டின் நிழல் 9 மில்லிமீட்டரே. வெளிச்சம் 30 பாகைக்குச் சாய்ந்தால் அது 15 மில்லிமீட்டரைத் தாண்டும். நேர் எதிரே விளக்கு இருந்தால் நிழல் மறைந்தேபோகும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்போது படைப்போடு வெளிச்சத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். பக்கவாட்டுச் சன்னல் உள்ள சுவர் அல்லது மேலிருந்து சாய்ந்து விழும் விளக்கு இல்லையென்றால், செய்த உழைப்பில் பாதி கண்ணுக்குத் தெரியாது. அந்த விளக்கின் செலவைப் படைப்பின் செலவிலேயே சேர்த்துக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு.

கரும்பச்சை, அடர்நீலம் போன்ற வண்ணங்கள் நிழலை விழுங்கிவிடும். வெளிர் வண்ணங்களில்தான் நிழல் பேசும். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவெல்சன் 1958-ல் பழைய மரத்துண்டுகளால் எழுப்பிய பெரும் சுவர்ப்படைப்பு முழுக் கறுப்பில் இருப்பது இதற்கு மாறானதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஆழங்கள் மில்லிமீட்டரில் இல்லை, பெட்டிகளின் ஆழத்தில் இருக்கின்றன. 9 மில்லிமீட்டர் உயரத்தை நம்பியிருப்பவர் கறுப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

துல்லியத்தில் இது இரண்டாம் வழியைவிடக் கருணையுள்ளது. உயரம் மாறும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழையைக் கண் கண்டுபிடிக்காது. ஆனால் உயர்ந்த ஒவ்வொரு துண்டுக்கும் பக்கவாட்டு முகங்கள் வெளியே தெரிவதால், அவற்றையும் பட்டி பார்த்து, தேய்த்து, பூச வேண்டும். எந்த வண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்கவும் வேண்டும். விளிம்புகளில் தூசி உட்காரும், பின்புறச் சந்துகளில் சிலந்தி கூடுகட்டும், ஆண்டுக்குப் பலமுறை தூரிகையால் துடைக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் ஓடும் நடையில் மாட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள்தான் முதலில் சிதையும்.

அதிக வண்ணங்களில் நம்பிக்கையில்லாதவருக்கும், ஒரே வண்ணத்தில் அமைதியான படைப்பை விரும்புபவருக்கும் இது உகந்தது. காலையில் ஒருவகையாகவும் மாலையில் வேறுவகையாகவும் தெரியும் சுவரை விரும்புபவரும் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே வரைவு, மூன்று கணக்குகள்

| | வண்ணம் | இடுக்கு | நிழல் |
|---|---|---|---|
| பொருள் | 12 மி.மீ. பிளைவுட் ஒன்று | 9 மி.மீ. அடிப்பலகை, 9 மி.மீ. துண்டுகள் 72 | 9 மி.மீ. அடிப்பலகை, மூன்று உயரங்கள் |
| தோராய எடை | 6 கிலோ | 10 கிலோ | 10 – 11 கிலோ |
| மாலை வேலைகள், என் அனுபவத்தில் | 8 – 10 | 15 | 18 – 20 |
| பொறுக்கும் பிழை | டேப்பைப் பொறுத்தது | அரை மி.மீ. | ஒரு மி.மீ. |
| மனம் மாறினால் | மேலே பூசலாம் | ஒட்டும் வரை மாற்றலாம் | வண்ணத்தை மட்டும் மாற்றலாம் |

மரமும் பெயின்டும்

வழி முடிவானபின் இந்தத் தேர்வு எளிது. வண்ணக் கோட்டுக்கு அகலமான, அசையாத பரப்பு வேண்டும். அதற்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரத்தில். முன்புறம் பூசிய அளவுக்குப் பின்புறமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் குடித்து, முதல் மழைக்காலத்திலேயே பலகை வளைந்துவிடும். இடுக்குக்கும் நிழலுக்கும் துண்டுகள் எம்.டி.எஃப்.-ஆக (மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகையாக) இருந்தால் பரப்பும் விளிம்பும் வழவழப்பாக வரும், நுனியும் ஏடாகப் பிய்யாது. ஆனால் வெட்டிய விளிம்பு பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். நீர் கலந்த வெள்ளைப் பசையால் இருமுறை அடைத்துத் தேய்த்தபின் பிரைமர் இடவேண்டும். எம்.டி.எஃப். தூள் மிக நுண்மையானது, அந்தப் பலகையைப் பிணைக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். குளியலறைச் சுவரை ஒட்டியோ, ஓதம் ஏறும் சுவரிலோ எம்.டி.எஃப். கூடவே கூடாது, உப்பிய விளிம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. தேக்கு அழகானது, குறைவாக அசைவது, ஆனால் அதிலுள்ள எண்ணெய் பெயின்டைப் பிடிக்க விடாது. பூசி மறைக்கப்போகும் பரப்புக்குத் தேக்கு வாங்குவது மரத்துக்கும் மரியாதை அல்ல. சில முக்கோணங்களைப் பூசாமல் இழையைக் காட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெயின்டில், டேப் வேலைக்கு அக்ரிலிக்கே சிறந்தது. விரைவாகக் காயும், மெல்லிய அடுக்குகளாக ஏறும். முதல் பூச்சில் மரத்தின் இழை எழுந்து சொரசொரக்கும் என்பதால் அதை உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்க வேண்டும். எனாமல் தானாகப் பரவிச் சமமாக அமரும், தூரிகைத் தடம் தெரியாது, கைபட்டால் துடைக்கலாம். ஆனால் வெள்ளை எனாமல் வெளிச்சம் குறைந்த அறையில் ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகும். நிழல் கோட்டுக்கு வெள்ளையையே நம்பியிருப்பவர் அதைத் தவிர்க்க வேண்டும். மேலும் பளபளப்பு நிழலைக் கலைக்கும், மங்கிய பூச்சே வேண்டும்.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்கள், மிச்சப் பலகைகளில் ஓர் அடிச் சதுரமாக மூன்று மாதிரிகள் செய்து பாருங்கள். நான்கு கட்டங்கள், எட்டு முக்கோணங்கள் போதும். இரண்டே வண்ணங்கள் போதும். மூன்றையும் உரிய சுவரிலேயே கண் உயரத்தில் சாய்த்து வைத்து, ஒரு வாரம் காலை ஏழு மணிக்கும் இரவு விளக்கிலும் பாருங்கள். வாசலில் நுழையும்போது எந்த மாதிரியின் கோடு முதலில் கண்ணில் படுகிறதோ, அந்த வழிக்கு மரம் வாங்குங்கள்.